தலைக்கு எத்தனை ஜோடி

டோல்னி ப்ரோத்
4 மார்ச் 1998

தம்பி மெத்தோடிக்கு,

எங்கள் இரண்டாவது கூடத்தை மூடியது நீ.

அக்கா வெலிக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தான் கோஸ்தாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் லிலியானாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், விசாரிக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஷூ கம்பெனி கேட்டில் காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டாவது தையல் கூடம் திங்கள் முதல் கிடையாது. முப்பத்தெட்டுப் பெண்கள். காரணம் என்று ஒரே வரி: 'ஒரு தலைக்கான உற்பத்தி போதவில்லை.' அடியில் நீ வேலை பார்க்கும் ஆலோசனைக் கம்பெனியின் முத்திரை. ஜனவரியில் உங்கள் ஆட்கள் ஸ்டாப்வாட்சோடு வந்து அளந்துவிட்டுப் போனார்களே, அதன் முடிவு.

என் பழைய பக்கத்து மிஷின்காரி ஸ்தாம்காதான் உரக்கப் படித்தாள். பிசிறு நூல் வெட்டும் நெவேனா சொன்னாள், "தலைக்கு எவ்வளவுன்னு எண்ணியிருக்காங்க பாரு. சந்தையில ஆட்டைக்கூட இப்படித்தான் எண்ணுவாங்க." ஸ்தாம்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "உன் தலை மட்டும் எப்படிடி எண்ணிக்கையில தப்பிச்சுது?"

என் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை. இத்தனை வருஷம் இரண்டாவது கூடத்தில் இருந்தவள் நான். ஜனவரியில் திடீரென்று முதல் கூடத்துக்கு மாற்றினார்கள், அங்கே ஆள் குறைவு என்று. இப்போது முதல் கூடம் ஓடுகிறது. நானும் அதில் ஓடுகிறேன்.

ஸ்தாம்கா என் கல்யாணத்தில் சாட்சி நின்றவள். ஒவ்வொரு மார்ச் ஒன்றாம் தேதியும் வருஷம் நல்லபடி போகச் சிவப்பு வெள்ளை நூலை என் மணிக்கட்டில் அவள்தான் கட்டுவாள். இந்த வருஷம் என் கை வெறுங்கை.

இரண்டு கேள்வி. கூடத்தை மூடச் சொன்னது யார்? என்னை மட்டும் ஏன் விட்டார்கள்?

உன் மனைவி லிலியானா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு என் அன்பைச் சொல். உனக்கு அனுப்ப இப்போது கையில் அன்பு இல்லை.

வெலிக்கா

•

சோஃபியா
19 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். லிலியானாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கோபத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நான் நிதானமாக எழுதுகிறேன். கூடத்தை நான் மூடவில்லை. அளக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்த கணக்கை இங்கே மேஜையில் உட்கார்ந்து சரிபார்த்தேன், அவ்வளவுதான். முடிவெடுத்தது கம்பெனியை வாங்கிய இத்தாலிக்காரர்.

கணக்கு என்ன சொல்கிறது என்று நீயே பார். முதல் கூடத்தில் ஒரு பெண் ஒரு ஷிப்டில் இருபத்தொன்பது ஜோடி ஷூவின் மேல்தோலைத் தைக்கிறாள். உங்கள் பழைய கூடத்தில் பதினாறு. அதே மிஷின், அதே தோல், அதே மாடல். காசு போட்டு வாங்குகிறவன் எதை வைத்துக்கொள்வான்?

ஒரு கூடத்தை மூடாவிட்டால் இரண்டும் மூடியிருக்கும். போன வருஷக் குளிர்காலத்தை அதற்குள் மறந்துவிட்டாயா? சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. வந்த நாளில் அதற்கு மதிப்பே இல்லை. ரொட்டிக் கடையில் கை நீட்டி நின்றதாக நீதானே எழுதினாய். போலந்தில் இப்படித்தான் நடந்தது, செக் நாட்டில் இப்படித்தான் நடந்தது. முதலில் ஆள் குறையும், பிறகு உற்பத்தித்திறன் ஏறும், அதன் பின்னால் சம்பளம் ஏறும். நடுவில் கொஞ்ச காலம் வலிக்கும். வேறு வழி யாரிடமும் இல்லை.

உனக்கு வேலை இருக்கிறது. அதை இறுகப் பிடித்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
மெத்தோடி

•

டோல்னி ப்ரோத்
25 மார்ச் 1998

தம்பிக்கு,

கோஸ்தாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. லிலியானாவுக்கு இஞ்சியும் தேனும் கொடு.

பதினாறு என்ற எண்ணைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொல்லாதே.

நம் சமையலறை மேஜையில் வளர்ந்தவன் நீ. அம்மா தலைத்துணியின் முடிச்சை மோவாய்க்குக் கீழே போட்டால் அது சாதாரண நாள். நேரம் அளக்கிறவன் கூடத்துக்குள் நுழைகிறான் என்றால், கதவுக்குப் பக்கத்து மிஷினில் இருக்கும் அம்மா முடிச்சை அவிழ்த்துப் பிடரியில் போடுவாள். பின்னாலிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். உடனே நூல் அறும், ஊசி உடையும், தோல் வழுக்கும், எல்லோரும் பாதி வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த மனுஷன் குறித்துக்கொண்டு போவான். இலக்கு ஏறாது.

ராத்திரி சாப்பாட்டில் அம்மா கரண்டியை வாட்ச் மாதிரி பிடித்துக்கொண்டு அவனைப்போல நடந்து காட்டுவாள். "வேகமாத் தைச்சா என்ன குடுப்பான்? ஒரு மெடல் குடுப்பான். அடுத்த மாசம் அந்த வேகத்தையே இலக்காக்கிட்டு, சம்பளத்தை அப்படியே வெச்சிருப்பான்." நீ சூப்பை மூக்கு வழியாக விடுகிற அளவுக்குச் சிரிப்பாய்.

அம்மா போன பிறகு அந்தக் கதவோரத்து மிஷின் எனக்கு வந்தது. அதுவும் உனக்குத் தெரியும்.

ஜனவரியில் உங்கள் ஆள் வந்த அன்றும் இரண்டாவது கூடத்தில் பிடரியில் முடிச்சு விழுந்தது. பழைய ஆளுக்குக் காட்டியதையே புது ஆளுக்கும் காட்டினார்கள். குறைவாகக் காட்டினால் பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தார்கள். நாற்பது வருஷம் அப்படித்தானே பிழைத்தோம். இந்தத் தடவை அளந்தது இலக்கு வைக்க இல்லை, ஆளை வெட்ட என்று யாரும் சொல்லவில்லை. முதல் கூடத்துப் பெண்கள் புதுசு. பாதிப் பேர் எண்பத்தொன்பதில் பழைய ஆட்சி விழுந்த பிறகு சேர்ந்தவர்கள். முடிச்சு என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. வெகுளியாகத் தைத்தார்கள், பிழைத்தார்கள்.

பதினாறு பொய் என்று சோஃபியாவில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆளின் மேஜைக்குத்தான் அந்தக் கணக்கு சரிபார்க்க வந்தது. 'சரி' என்று போட்டு அனுப்பினாய்.

என் இரண்டாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு வருவாய்தானே, நேரில் சொல்.

வெலிக்கா

•

சோஃபியா
6 மே 1998

அக்காவுக்கு,

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. லிலியானா தேறிவிட்டாள். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிதானமாக எழுதுவேன் என்று சொன்னேன். இனி அப்படி எழுத முடியாது.

பொய் சொன்னது நீங்கள். பொய்யை நம்பியவன் குற்றவாளியா? முப்பது ஜோடி தைக்கத் தெரிந்த கை பதினாறு தைத்தது. மீதி பதினாலு ஜோடி எங்கே போயிற்று? யாருடைய காலுக்குப் போயிருக்க வேண்டியது அது? எட்டாவது படிக்கும்போது ஓட்டை ஷூவுக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு பனியில் பள்ளிக்கூடம் போனேன். என் அம்மா ஷூ கம்பெனியில் தையல்காரி. கடையில் ஷூ இல்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மா கரண்டியோடு நடித்துக் காட்டினாள், நானும் சிரித்தேன். எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று இங்கே வந்து படித்த பிறகுதான் புரிந்தது. நம் கால்விரல் விறைத்துப்போனதைப் பார்த்து நாமே சிரித்திருக்கிறோம்.

அந்த முடிச்சால்தான் இந்த நாடு இப்படிக் கிடக்கிறது. ஒரு கம்பெனியில் இல்லை, எல்லாக் கம்பெனியிலும் ஆளுக்கொரு முடிச்சு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'எங்கள் வீட்டில் அம்மா தலைத்துணியை இப்படிக் கட்டுவாள், ஆகவே இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்' என்று அறிக்கையில் எழுதவா? சமையலறையில் கேட்டதை அலுவலகத்தில் வைக்க முடியாது.

ஒரு உதவி வேண்டும். ஜூனில் ஒரு மாநாடு, வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். உங்கள் கம்பெனியை உதாரணமாக வைத்துக் கட்டுரை எழுதுகிறேன். இப்போது முதல் கூடத்தில் ஒரு தலைக்கு எத்தனை ஜோடி என்று எழுதி அனுப்பு. உங்கள் துணை டைரக்டர் திமோவ் தரும் எண்ணை நம்ப முடியாது, மேலிடத்துக்குப் பிடித்ததைச் சொல்வார். உன் பெயர் எங்கும் வராது.

மெத்தோடி

•

டோல்னி ப்ரோத்
12 மே 1998

தம்பிக்கு,

சுகம் என்று எழுதிவிடுகிறேன். விரல் வீங்கியிருப்பதை வியாதி என்று சொல்ல முடியாது.

ஈஸ்டர் அன்று சிவப்பு முட்டைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு மாதா கோயில் முற்றத்தில் நின்றேன். யாருடையது உடையாமல் நிற்கும் என்று எல்லோரும் எல்லோரோடும் முட்டை மோதினார்கள். ஸ்தாம்காவின் முன்னால் போய் முட்டையை நீட்டினேன். அவள் தன் முட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "உன் முட்டை உடையாது, வெலிக்கா. உடையறதெல்லாம் எங்க பக்கத்துலதான்" என்றாள்.

உன் செய்தித்தாள் ஷூ எனக்கும் நினைவிருக்கிறது. அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்தது நான். நீ சொல்வதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

எண் கேட்டாய். தலைக்கு முப்பத்தாறு. எழுதிக்கொள்.

அதோடு இதையும் எழுதிக்கொள். முப்பத்தாறில் பெரும்பங்கு முன்பே எங்கள் கையில் இருந்தது. என் பழைய கூடம் அதை முடிச்சுக்குள் ஒளித்து வைத்தது, முதல் கூடம் ஒளிக்காமல் தைத்தது. ஒளித்துக் காட்டிய பதினாறிலிருந்து எண்ணிவிட்டு வளர்ச்சி என்று பெயர் வைக்காதே. மிச்சம் மற்றவர்களின் வேலை. பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தது நெவேனா. இப்போது நானே வெட்டுகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில். தோல் கட்டைத் தூக்கி வர ஒரு ஆள் இருந்தான், இப்போது நாங்களே தூக்குகிறோம். மிஷினுக்கு எண்ணெய் போட மெக்கானிக் இருந்தார், இப்போது ஷிப்டுக்கு முன்னால் சீக்கிரம் வந்து நாங்களே போடுகிறோம், அந்த நேரம் எந்த வாட்சிலும் விழாது. அவர்கள் தலையைக் கழித்துவிட்டு அவர்கள் கையை எங்கள் தோளில் ஒட்டியிருக்கிறீர்கள். அப்புறம் தலைக்கு எத்தனை என்று வகுத்தால் ஏறத்தானே செய்யும்.

போன வாரம் எங்கள் கூடத்து ஃபாத்மே கழிவறைச் சாவி கேட்டாள். துணை டைரக்டர் திமோவ் சொன்னார், "மூத்திரம் போறதுக்கா இத்தாலிக்காரன் காசு குடுக்குறான்?"

ஃபாத்மே கேட்டாள், "அப்ப இத்தாலியில என்ன சார் பண்றாங்க, ஷூவுக்குள்ளயேவா?"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக எல்லோருடைய போனஸையும் பிடித்துவிட்டார்கள். இதுவும் உற்பத்தித்திறனில் சேருமா என்று உன் மாநாட்டில் கேள்.

மூன்றாவது தடவை கேட்கிறேன். என்னை ஏன் விட்டார்கள்?

வெலிக்கா

•

சோஃபியா
15 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய எண்ணுக்கு நன்றி. மாநாடு நன்றாக நடந்தது. நான் பேசி முடித்ததும் ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். ஒரு தலைக்கான உற்பத்தி பதினாறிலிருந்து முப்பத்தாறு, இரண்டேகால் மடங்கு, அதுவும் புது மிஷின் ஒன்றுகூட வாங்காமல். இந்த நாட்டில் இப்படி ஒரு உதாரணம் அபூர்வம் என்றார். எனக்குத் துறைத் தலைவர் பதவி கிடைக்கும் போலிருக்கிறது. இலையுதிர் காலத்தில் தெரியும்.

நீ எழுதிய மற்ற விஷயங்களைச் சேர்க்கவில்லை. ஒளித்தது எவ்வளவு, அடுத்தவர் வேலை எவ்வளவு என்று பிரித்து அளக்க வழியில்லை. அளக்க முடியாததைக் கட்டுரையில் எழுத முடியாது.

விரல் வீக்கத்துக்கு வெந்நீரும் உப்பும் போதும். லிலியானா தன் பழைய குளிர்கால கோட்டை உனக்கு அனுப்பச் சொல்கிறாள். நல்ல கோட்டு.

ஒன்று சொல்கிறேன், மூத்தவள் என்பதால் கோபிக்காதே. அந்த முடிச்சு விஷயத்தை ஊரில் யாரிடமும் பேசாதே. என் பெயரையும் அதோடு சேர்க்காதே. உனக்குத்தான் அது நல்லதில்லை.

அத்தான் வேலை தேடுகிறாரா?

உன் தம்பி,
மெத்தோடி

•

டோல்னி ப்ரோத்
9 ஜூலை 1998

மெத்தோடிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ எழுதி அனுப்பவில்லை. ராக்கியா சாராயம்தான் சொன்னது.

பேதுரு பண்டிகை திமோவின் பெயர் நாள், அந்தப் புனிதரின் பெயர்தான் அவருக்கு. வழக்கம்போலக் கேன்டீனில் பாட்டிலைத் திறந்தார். முதல் கூடத்துக்காரிகள் எல்லோரும் ஆளுக்கொரு சின்ன கிளாஸோடு நின்றோம். மூன்றாவது ரவுண்டில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பின்னா உன் தம்பி மாதிரி இருக்கணும், வெலிக்கா. ஜனவரியில எனக்குப் போன் பண்ணான். 'அளக்க ஆள் வர்றாங்க, அதுக்கு முன்னாடி எங்க அக்காவை முதல் கூடத்துல உக்கார வைங்க'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நானும் ஏன்னு கேக்கல. பாரு, இன்னிக்கு நீ இங்க நின்னு என் ராக்கியாவைக் குடிக்கிற."

கிளாஸைக் கீழே வைத்தேன். ஃபாத்மே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இதுவரை உனக்கு எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முதல் கூடத்துக்கு மாற்றிய அன்று என் கதவோரத்து மிஷினை ஸ்தாம்காவுக்கு விட்டுவிட்டுப் போனேன். போகும்போது சொன்னேன், "யாராவது வாட்சோட வந்தா முடிச்சைப் பின்னால போட்டுரு. எப்பவும் போல." நான்தான் சொன்னேன். அவள் போட்டாள்.

அவர்கள் இடத்திலிருந்து பார். மெதுவாகத் தையுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வேகமான கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டவள் நான். அனுப்பியது தம்பி. மூடியது தம்பியின் கம்பெனி.

ரொட்டிக் கடை வரிசையில் ஸ்தாம்கா முகத்துக்கு நேராகக் கேட்டாள், "எவ்வளவு நாளா யோசிச்சீங்க ரெண்டு பேரும்?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"உன் தம்பிக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. உங்க வீட்டுல நடுவுல சுவர் எப்ப எழுப்பினீங்க?"

என் பின்னால் நின்ற பெண்கள் வரிசையை விட்டு நகர்ந்து அவள் பின்னால் போய் நின்றார்கள். நான் ரொட்டி வாங்காமல் வந்தேன்.

இப்போது நீ சொல். முடிச்சு விழும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் என்னை எடுத்தாய். சமையலறையில் கேட்டதை அலுவலகத்தில் வைக்க முடியாது என்று எழுதினாயே, எனக்காக மட்டும் வைக்க முடிந்திருக்கிறது. அதே போனில் 'எல்லோரையும் வேகமாகத் தைக்கச் சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை சேர்க்க உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

வெலிக்கா

•

வார்னா
20 ஆகஸ்ட் 1998

அக்காவுக்கு,

விடுமுறையில் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். உன் கடிதத்தை இங்கே கொண்டுவந்து படித்தேன். அதனால் தாமதம்.

திமோவ் குடித்தால் எதையும் உளறுவார். இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் பேச வேண்டாம்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். இரண்டு கூடமும் வேகமாகத் தைத்திருந்தாலும் ஒரு கூடத்துக்குத்தான் ஆர்டர் இருந்தது. யாரோ முப்பத்தெட்டுப் பேர் போயே ஆக வேண்டும். எல்லோரையும் காப்பாற்ற யாராலும் முடியாது. யாரோ ஒருவருக்கு யாரோ நல்லது செய்திருந்தால், கிடைத்தவர் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் மரியாதை. உன் இடத்தில் ஸ்தாம்கா இருந்தால் அவள் ரொட்டி வாங்காமல் வீட்டுக்குப் போயிருப்பாளா?

கோட்டு தபாலில் வருகிறது.

மெத்தோடி

•

டோல்னி ப்ரோத்
14 செப்டம்பர் 1998

மெத்தோடிக்கு,

கோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லிலியானா தவறாக நினைக்க வேண்டாம். கோட்டு நல்ல கோட்டுதான். அவள் நலமாக இருக்கட்டும்.

குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்கக் குடைமிளகாய் சுடும் காலம் வந்துவிட்டது. குடியிருப்புக்குப் பின்னால் எங்கள் முற்றம் உனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக நானும் ஸ்தாம்காவும் ஒரே அடுப்பு வைத்திருக்கிறோம். பாதி விலை அவள் கொடுத்தாள், பாதி நான். இந்த வருஷம் அடுப்பை அவள் எடுத்துப் போய்விட்டாள், கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. பால்கனியில் இரும்புத் தட்டைப் போட்டுச் சுட்டேன். புகை வீட்டுக்குள் திரும்பி வந்தது. கோஸ்தா இருமிக்கொண்டே சொன்னார், "உன் தம்பி கணக்குப்படி தலைக்கு எத்தனை ஜாடின்னு சொல்லு, நான் ஒரு தலையைக் குறைச்சுக்கிறேன்." சிரிக்க முயன்றார். அவர் பாவம்.

ஒரு கூடத்துக்குத்தான் ஆர்டர் இருந்தது என்கிறாய். இருக்கலாம். ஆனால் எந்தக் கூடம் என்று அவர்கள் கை முடிவு செய்திருக்கும். யார் கை வேகம் என்று பார்த்துத் தோற்றிருந்தால் தோல்வி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் அவர்களோடு போயிருப்பேன், அல்லது மிஞ்சியிருப்பேன். எதுவானாலும் ஸ்தாம்கா என்னோடு முட்டை மோதியிருப்பாள். ஸ்தாம்கா என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்கிறாய். என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளோடு முப்பது வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தது நான்.

எனக்குக் காசு வேண்டாம், கோட்டு வேண்டாம், சோஃபியாவில் வேலை வேண்டாம். இந்த மாதம் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை முற்றத்தில் எல்லோரும் மிளகாய் சுடுவார்கள். அத்தனை பேரும் இருப்பார்கள், வேறு எங்கும் போக அவர்களுக்கு வேலை இல்லை. நீ வா. அடுப்புகளுக்கு நடுவில் நில். "மாற்றச் சொன்னது நான். அவளுக்குத் தெரியாது." இதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடு. காகிதத்தில் எழுதி அனுப்பாதே, காகிதத்தை இனி இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

உன் பதவி அதனால் போகுமென்றால், போகட்டும். முப்பத்தெட்டுப் பேருடையது போயிற்று.

வெலிக்கா

•

டோல்னி ப்ரோத்
5 அக்டோபர் 1998

மெத்தோடிக்கு,

நீ வரவில்லை. பதிலும் வரவில்லை. சோஃபியா பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் பால்கனியிலிருந்து பார்த்தேன். கடைசி பஸ்ஸும் போன பிறகு நானே முற்றத்தில் இறங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் போன், திமோவ், முடிச்சு, நான் ஸ்தாம்காவிடம் சொன்னது, எதையும் விடவில்லை. அடுப்புகள் சடசடத்தன. முடித்ததும் நெவேனா ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள், "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான்."

ஸ்தாம்கா மட்டும் அடுப்பை விட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்றது நெசமாவும் இருக்கலாம், வெலிக்கா. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? உன் பேச்சைக் கேட்டுத்தானே முடிச்சைப் போட்டேன். உன் தம்பி வந்து சொல்லட்டும். அவன் வாயால கேட்டா நம்பறேன். அடுப்பைத் திருப்பிக் கொண்டாந்து வெக்கிறேன்."

அவள் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறாள். இனி உன் கையில் இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த திங்கட்கிழமை மறுபடி அளக்க வருகிறார்கள். உங்கள் கம்பெனிதான். எதற்கு என்று திமோவுக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. இத்தாலிக்காரனின் ஆள் கிழக்கே எங்கோ கூலி இன்னும் மலிவு என்று போனில் பேசியதை ஃபாத்மே கேட்டிருக்கிறாள். முதல் கூடத்தில் எல்லோருக்கும் இப்போது முடிச்சுக் கதை தெரியும். மிஷினில் உட்காரும்போது என் தலையைப் பார்க்கிறார்கள். "அக்கா, வேகமாத் தைக்கணுமா, மெதுவாத் தைக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் அவள் கையைக் கிள்ளினாள், என்னிடம் கேட்காதே என்று.

என்ன சொல்வேன்? வேகமாகத் தைத்தால் இதற்குப் பாதி ஆள் போதும் என்பீர்கள். மெதுவாகத் தைத்தால் யாருமே வேண்டாம் என்பீர்கள். எந்த வேகத்தில் தைத்தால் விட்டுவிடுவீர்கள் என்று உனக்குத் தெரியும். மேஜை உன்னுடையது. இந்தத் தடவை போன் பண்ணி என்னை மட்டும் எங்கேயும் நகர்த்தாதே. நகர்த்தினால் எழுந்திருக்க மாட்டேன்.

பதில் போடு.

வெலிக்கா

•

டோல்னி ப்ரோத்
11 அக்டோபர் 1998, ஞாயிறு

தம்பி,

தபாலில் போட்டால் நாளைக்குள் வந்து சேராது. சோஃபியா பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன் வீட்டுக் கதவுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அதனால் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நீயும் லிலியானாவும் நலமாக இருங்கள். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

நாளைக்குத் தலையில் ஒன்றும் கட்டாமல் போகிறேன். முடிச்சை முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் யாரோ ஒருத்தி அதை நம்பித் தைப்பாள், அந்தப் பாவம் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

ஸ்தாம்காவும் பழைய கூடத்துப் பெண்களும் காலையில் கேட்டுக்கு வருகிறார்கள். வேலை கேட்டு இல்லை. நீ வருகிறாயா என்று பார்க்க. நான் வரச் சொன்னேன்.

கேட் ஆறு மணிக்குத் திறக்கும். இன்று ராத்திரி கிளம்பினால் வந்துவிடலாம். இரண்டு கூடத்துக்காரிகளும் நிற்கும் இடத்தில் நின்று, இந்த அளவு எதற்கு என்று சொல். மெதுவாகவா, வேகமாகவா என்று சொல். அக்காவுக்குத் தெரியாது என்று சொல்.

வந்து சொல், மெத்தோடி.

வெலிக்கா